முதலில் நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள்: வெளிமாநிலத் தொழிலாளர் அமைப்பாளர்களுக்குப் போனும் கணக்கும் கற்றுத்தர

தன்பாதிலிருந்து ஆலப்புழை போகும் ரயில் சேலம் ஜங்ஷனில் நிற்கும்போது பொதுப்பெட்டிப் பக்கம் போய் நின்று பாருங்கள். ராஞ்சி, ரூர்கேலா, சம்பல்பூர், ராயகடா என்று வழிநெடுக ஏறியவர்கள் பையும் போர்வையுமாக இறங்குவார்கள். சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு, கட்டட வேலைக்கு, ஓட்டலுக்கு, ஏற்காட்டு காபி எஸ்டேட்டுக்கு என்று பிரிந்து போவார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவரிடம்தான் எல்லோரும் போனை நீட்டுவார்கள். டிக்கெட் எடுத்தவர் அவர். ஊருக்குப் பணம் அனுப்பத் தெரிந்தவர். யாருக்காவது காய்ச்சல் என்றால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவரும் அவர்தான். மற்றவர்கள் 'பையா' (அண்ணன்) என்பார்கள், பெண்ணாக இருந்தால் 'தீதி' (அக்கா).

இந்தக் கட்டுரையில் அமைப்பாளர் என்று நான் சொல்வது அவர்களைத்தான். அவர்களோடு வேலை செய்யும் உள்ளூர்த் தொழிற்சங்கத் தோழர்களையும், சர்ச், கல்லூரி மூலம் வரும் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இவர்களுக்குப் போனிலும் கணக்கிலும் கொஞ்சம் பயிற்சி கொடுக்க நீங்கள் முன்வந்திருந்தால், சில ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் செய்து நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

இது ஏன் அவசரம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மே மாதம், ஊரடங்கில் சிக்கிய தொழிலாளர்களை ஊருக்குக் கொண்டுபோக ஷ்ரமிக் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியபோது, யார் எங்கே தங்கியிருக்கிறார்கள், எந்த மாநிலத்துக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொரு ஊரிலும் புதிதாகப் பட்டியல் எழுத வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஊரடங்கில் இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தது. அப்படி ஒரு கணக்கு தங்களிடம் இல்லை என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. எண்ணாமல் விட்ட உயிருக்கு யாரும் இழப்பீடு தர வேண்டியதில்லை. தங்களைத் தாங்களே எண்ணி வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆள் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது இருக்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

முதல் ஞாயிறு: போனைத் தொடாதீர்கள்

லேப்டாப்பும் புரொஜெக்டரும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். "உங்களிடம் இருக்கிற நோட்டைக் கொஞ்சம் காட்டுங்கள் பையா" என்று கேளுங்கள். கட்டாயம் ஒரு நோட்டு இருக்கும். நோட்டு இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட குரல் செய்திகள் இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் காலண்டரில் போட்ட வட்டங்கள் இருக்கும்.

ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் வேலை செய்த ஜார்க்கண்ட் அக்கா ஒருவர் எனக்குக் காட்டிய நோட்டை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். நாற்பது பக்க நோட்டு. அட்டையில் காபிப்பழச் சாறு ஊறிய கறை. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ஒரு பூ, ஒரு மீன், ஒரு குடம் என்று படம். ஒரு படம் ஒரு ஆளுக்கு. அதற்குக் கீழே முழுநாள் வேலைக்கு ஒரு நெடுங்கோடு, அரைநாளுக்குப் பாதிக் கோடு. அட்வான்ஸ் வாங்கிய நாளில் கோட்டுக்கு மேல் ஒரு புள்ளி. சாதரி மொழி பேசுகிறவர், எந்த எழுத்தும் எழுதத் தெரியாதவர். பதினோரு பேரின் நாலு மாத வேலை அந்த நோட்டில் பிசகில்லாமல் இருந்தது.

இதைப் பார்த்த பிறகு 'டேட்டா என்றால் என்ன' என்று பாடம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் அது ஏற்கெனவே இருந்தது. அழியாமல், திருத்த முடியாமல், கூட்டிப் பார்க்கும்படி, இன்னொருவருக்குக் காட்டும்படி அதை மாற்றுவது மட்டும்தான் நம் வேலை. ஆகவே முதல் வகுப்பில் மூன்றே காரியம். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் போட்டோக்களைத் தனி ஆல்பத்தில் போடச் சொல்லுங்கள். நோட்டில் எந்தக் குறி எதற்கு என்று அவர் வாயாலேயே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அன்றைக்கு அது போதும்.

இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். மாநிலம் விட்டு மாநிலம் வந்து வேலை செய்கிறவர்களுக்கான 1979 ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்ததாரர் ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும் என்றது. வேலை செய்யும் இடம், காலம், கூலி, பிடித்தம் எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். அப்படி ஒரு பாஸ்புக்கை வைத்திருந்த தொழிலாளியை நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் உட்கார்ந்து செய்வது, வராமல் போன அந்தப் பாஸ்புக்கைத் தாங்களே எழுதிக்கொள்ளும் வேலை. இப்படிச் சொன்னால் அமைப்பாளர்களுக்கு உடனே புரிகிறது.

இரண்டாவது வாரம்: போனைச் சரிசெய்வது

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். முதலில் திரைப்பூட்டு. நாலு பேர் ஒரே அறையில் தங்கி ஒரே சார்ஜரில் போன் போடுகிறவர்கள், பூட்டு இல்லாத போனில் மற்றவர்களின் விவரங்களை வைக்கக் கூடாது. அடுத்து, கூகுள் கணக்கின் கடவுச்சொல் அவருக்கே தெரியுமா என்று பாருங்கள். போன் விற்ற கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்த கணக்காக இருக்கும், கடவுச்சொல் கடைக்காரருக்குத்தான் தெரியும். அதை மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

அப்புறம் விசைப்பலகையில் அவர் மொழியைச் சேர்த்து, மைக் பொத்தானை அழுத்திப் பேசக் காட்டுங்கள். இந்தியும் வங்காளமும் நன்றாக வரும். கூகுள் மொழிபெயர்ப்பில் ஒடியா 2020 இலிருந்து இருக்கிறது. சாதரி, முண்டாரி பேசுகிறவர்கள் இந்திக்கு மாறிக்கொள்வார்கள், ஆனால் அந்த இந்தியில் தயக்கம் இருக்கும். மொழிபெயர்ப்பில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம். கூலி, தேதி, நோய் இந்த மூன்றும் வருகிற வாக்கியத்தை எப்போதும் ஒரு ஆளிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

மூன்றாவது வாரத்திலிருந்து: அட்டவணை

இங்கே நிதானமாகப் போங்கள். மூன்று நாலு வாரம் ஆனாலும் சரி. கூகுள் ஷீட்ஸ் என்ற அட்டவணைச் செயலி போதும், இலவசம், போனிலேயே ஓடும். மாதிரிக் கணக்கு எதுவும் கொண்டுபோகாதீர்கள். அவரவர் சொந்தக் கூலியையே போடச் சொல்லுங்கள். தன் பணம் என்றால் ஒரு பூஜ்யம் கூடினாலும் கண்ணில் பட்டுவிடும்.

ஒரு வரிசையில் ஒரு ஆளின் ஒரு நாள். இதுதான் முதல் விதி, புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான். ஒரே கட்டத்தில் '5 ஆம் தேதி வேலை, 6 லீவு, 500 அட்வான்ஸ்' என்று எழுதிவிடுவார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கூட்ட முடியாது. தேதிக்கு ஒரு பத்தி (மேலிருந்து கீழாக ஓடும் கட்டங்கள்), ஆளுக்கு ஒரு பத்தி, வேலை நாளுக்கு ஒன்று, அட்வான்ஸுக்கு ஒன்று, கையில் வந்த கூலிக்கு ஒன்று, குறிப்புக்குக் கடைசியில் ஒன்று. முழுநாள் என்றால் 1, அரைநாள் என்றால் 0.5, வேலை இல்லை என்றால் 0. காலியாக விட்டால் வேலை இல்லையா, எழுத மறந்தாரா என்று பிறகு தெரியாது.

எண் இருக்க வேண்டிய கட்டத்தில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும். '450 ரூ' என்று எழுதினால் ஷீட் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கூட்டலில் சேர்க்காது, தப்பு என்று சொல்லவும் செய்யாது. தொகை பேசாமல் குறைந்து நிற்கும். இதை வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுங்கள். ஐந்து கட்டத்தில் கூலி எழுதி, ஒன்றில் மட்டும் 'ரூ' சேர்த்து, கூட்டித் தரும் சம் (SUM) சூத்திரத்தைப் போடச் சொல்லுங்கள். கை விட்டு எண்ணி, "எங்கே போனது என் 450?" என்று அவர்களே கேட்பார்கள். அதற்குப் பிறகு அந்தத் தப்பை யாரும் செய்ய மாட்டார்கள்.

தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. கோப்பின் அமைப்பில் இடம் அமெரிக்கா என்று இருந்தால், 5/11 என்று எழுதியதை மே 11 என்று எடுத்துக்கொள்ளும். நவம்பர் 5 ஆம் தேதி வேலை மே மாதத்துக்குப் போய்விடும். முதல் நாளே இடத்தை இந்தியா என்று மாற்றிவிடுங்கள்.

அடுத்தது பெயர். ஒரே ஆள் ஆதாரில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, மேஸ்திரியின் நோட்டில் வேறு மாதிரி இருப்பார். முர்மு, மர்மு, முர்மூ என்று மூன்று பேர் இருப்பதாகத் தோன்றும், பார்த்தால் ஒரே ஆள். பிறந்த தேதியை வைத்துப் பிரித்துவிடலாம் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். பட்டியலைப் பார்த்தால் பாதிப்பேர் ஜனவரி 1. பிறந்த தேதிக்குச் சான்று இல்லாமல் வயதை மட்டும் சொன்னவர்களுக்கு ஆதாரில் அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று பதிவாகியிருக்கிறது. ஆகவே பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்தால் ஒரு ஆள் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஊருக்கு ஒரு எழுத்தும் ஒரு வரிசை எண்ணும் போட்டு நீங்களே ஒரு குறியீடு கொடுங்கள். நா-07 என்றால் நாகலூரில் ஏழாவது ஆள். கூலிக் கணக்கில் பெயரே வேண்டாம், இந்தக் குறியீடு போதும். பெயரும் குறியீடும் சேர்ந்த பட்டியல் தனிக் கோப்பில், ஒரே ஒருவரிடம் இருக்கட்டும்.

அந்த ஜார்க்கண்ட் அக்காவின் கோடுகளை இப்படி ஷீட்டில் ஏற்றினோம். அவர் பக்கத்தைச் சுட்டிக்காட்டிச் சொல்ல, அவருடைய தங்கை மகன் தட்டினான். பூப்படம் போட்ட ஆளுக்கு அந்த மாதம் 24.5 நாள் வந்தது. கூலி கொடுத்தவர்கள் கணக்கில் 22 நாள். எந்தத் தேதிகள் விடுபட்டன என்று அக்கா அந்தப் பையனை வைத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு நாளுக்கான கூலி வந்தது. மீதி அரைநாளுக்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா அதையும் குறிப்புப் பத்தியில் எழுதச் சொன்னார்.

சூத்திரங்களில் கூட்டலும், நிபந்தனையோடு எண்ணுவதும், வடிகட்டிப் பார்ப்பதும் தெரிந்தால் போதும். வரைபடம், பிவட் எல்லாம் கேட்டு வருகிறவர்களுக்குப் பிறகு காட்டலாம்.

சிக்னல் இல்லாத இடத்தில் விவரம் எடுப்பது

ஏற்காடு ஊருக்குள் நெட் கிடைக்கும். எஸ்டேட்டில் தொழிலாளர்கள் தங்கும் லைன் வீடுகளுக்குள் போனால் பல இடங்களில் ஒரு கோடுகூட நிற்காது. கூகுள் ஃபார்ம் அங்கே திறக்காது. கோபோ டூல்பாக்ஸ் என்ற இலவசக் கருவியைப் பழக்குங்கள். பேரிடர் நிவாரண வேலைகளுக்காக உருவானது. படிவத்தைப் போனில் இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே நிரப்பலாம், சிக்னல் வந்ததும் அனுப்பிக்கொள்ளலாம். ஒரே படிவத்தில் கேள்வியை இந்தி, ஒடியா, தமிழ் என்று மாற்றிப் பார்க்கலாம்.

கேள்விகள் ஏழுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, 'பதில் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்' என்று அமைப்பாளரையே எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். மதம், சாதி, யாருக்கு ஓட்டு, அறையில் எத்தனை பேர் தூங்குகிறீர்கள் என்று ஆர்வத்தில் சேர்த்த கேள்விகள் எல்லாம் இதில் போய்விடும். இருப்பிடம் பதியும் ஜிபிஎஸ் கேள்வியைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். தொழிலாளி எந்த வீட்டில் இரவு தூங்குகிறார் என்ற புள்ளி ஒரு வரைபடத்தில் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

காபி அறுவடை சூடுபிடித்த டிசம்பர், ஜனவரியில் கணக்கெடுக்கப் போகாதீர்கள். வேலை முடிந்து முதுகு நிமிர்த்த முடியாமல் வருகிறவர்களிடம் கேள்வி கேட்பது தப்பு.

பட்டியல் யாருடையது

இதை எழுதும்போதுகூட எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஒரு கூலிப் பட்டியலின் இணைப்பை, யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற அமைப்பிலேயே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அது இரண்டு குழு தாண்டி ஒரு ஒப்பந்ததாரர் கைக்குப் போனது. குறிப்புப் பத்தியில் 'கூலி பாக்கி, புகார் கொடுக்க விருப்பம்' என்று இரண்டு பேருக்கு எதிரே எழுதியிருந்தோம். அடுத்த வாரம் அந்த இரண்டு பேருக்கும் வேலை இல்லை. ஒருவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். தப்பு என்னுடையது, வேலை போனது அவர்களுக்கு.

அதனால் இந்தப் பாடத்தைத் தள்ளிப்போடாமல், அட்டவணை தொடங்கும் அன்றே எடுங்கள். பகிர்வு அமைப்பைத் திறந்து, பெயர் குறிப்பிட்ட மூன்று பேருக்கு மட்டும் என்று மாற்றி, இன்னொரு போனில் அந்த இணைப்பு திறக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்க்க வையுங்கள். ஆதார் அட்டையின் போட்டோ குழுவில் வரக் கூடாது. தேவைப்பட்டால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை இறக்கிக்கொள்ளப் பழக்குங்கள். ஓடிபி எண்ணை அமைப்பாளர்கூடக் கேட்கக் கூடாது, அவரவர் தட்டட்டும். மோசடியில் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930 க்கு அழைக்க வேண்டும், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2023 இல் நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆனால் சட்டத்தைச் சொல்லி ஆரம்பிக்க வேண்டாம். "இந்தப் போன் பஸ்ஸில் தொலைந்தால் யாருக்கு என்ன ஆகும்?" என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் தன் அறையில் இருக்கிறவர்களை நினைத்துப் பதில் சொல்வார்கள். கட்சிக்காரரோ, அதிகாரியோ, கல்லூரி ஆய்வாளரோ "லிஸ்ட் கொடுங்க" என்று கேட்டால், "கேட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லும் துணிச்சலையும் இதே வகுப்பில் நடித்துப் பழகுங்கள். நான் அதிகாரியாக நடிப்பேன், தீதிகள் மறுப்பார்கள். முதல்முறை குரலே வராது. மூன்றாம் முறை கணீரென்று வரும்.

பழகிய கையோடு செய்யும் வேலைகள்

இ-ஷ்ரம் என்ற மத்திய அரசுத் தொழிலாளர் தளத்தில் பதிவு செய்வது நல்ல பயிற்சி. 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 16 முதல் 59 வயது வரை, பிஎஃப், இஎஸ்ஐ இல்லாத அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதியலாம், 12 இலக்க எண் கிடைக்கும். ஆதாரோடு இணைத்த போன் எண் கையில் இருந்தால் நாமே செய்யலாம். ஊரில் விட்டுவந்த பழைய சிம்தான் இணைப்பில் இருக்கிறது என்பவர்கள் நிறையப் பேர், அவர்களைப் பொதுச் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். சந்தேகத்துக்கு 14434.

ரேஷன் அடுத்தது. தமிழ்நாடு 2020 அக்டோபரிலிருந்து 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் இருக்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஊரில் அட்டை உள்ளவர்கள் விரல்ரேகை வைத்து இங்கேயும் வாங்கலாம். இவர் தன் பங்கை இங்கே வாங்க, மனைவி பிள்ளைகள் ஊரில் வாங்கலாம். கடையில் மறுத்தால் தேதியையும் சொன்ன காரணத்தையும் ஷீட்டில் எழுதி, ரேஷன் உதவி எண் 14445 க்கு அழைக்க வேண்டும்.

விபத்துக்கு ஒரு தனி ஆல்பம் வேண்டும். வேலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரச் சொல்லும் சட்டம் 1923 லேயே வந்துவிட்டது. இழப்பீடு கேட்கும்போது, இவர் இங்கேதான் வேலை செய்தார் என்று நிரூபிப்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொள்ளும். ஆலை வாசலில் எடுத்த படம், பணம் வந்த வங்கிச் செய்தி, மேஸ்திரி அனுப்பிய குரல் செய்தி, மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் குறியீட்டு எண்ணோடு சேர்த்து வைக்கப் பழக்குங்கள்.

வதந்தி வரும் நாள்

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு சம்பவங்களின் காட்சிகளை எடுத்துப் போட்டிருந்தார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது, பொய் பரப்பியவர்கள் மீது காவல்துறை வழக்குப் போட்டது. அதற்குள் பயந்துபோய் ரயிலேறியவர்கள் எத்தனையோ பேர்.

அப்படி ஒரு வீடியோ வந்தால் செய்ய வேண்டியதை முன்கூட்டியே பழக்குங்கள். முதலில் யாருக்கும் அனுப்பாமல் நிறுத்துவது. பிறகு வீடியோவை நிறுத்தி, கடைப் பலகை எந்த மொழி, வண்டி எண் எந்த மாநிலம், பேசுவது எந்தப் பேச்சு என்று பார்ப்பது. ஒரு காட்சியைப் படமாக எடுத்து கூகுள் லென்ஸில் தேடுவது. கடைசியாக, அந்த ஊரில் இருக்கிற ஒரு ஆளுக்கு நேரடியாகப் போன் போடுவது. நான் பார்த்தவரை இந்தக் கடைசிப் படிதான் பயத்தைத் தணிக்கிறது. எந்த ஊரில் யாருக்குப் போன் போடலாம் என்ற சிறு பட்டியல் அமைப்பாளர்களிடம் தயாராக இருக்கட்டும். உண்மையாகவே ஆபத்து என்றால் 112.

ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போவது

மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். ஒரே கோரிக்கை. அதற்கு வேண்டிய எண்கள் மட்டும். 'எங்கள் பட்டியலில் 40 பேர், அதில் 15 பேருக்கு ரேஷன் மறுக்கப்பட்டது, கடை வாரியாக இப்படி' என்பது போல. நாற்பது பேருக்குச் சதவீதம் போட வேண்டாம், எண்ணாகவே சொல்லுங்கள். ஓர் இடத்தில் ஒருவர் இருவர்தான் என்றால் அந்த இடத்தின் பெயரைத் தனியாகப் போடாதீர்கள், யார் சொன்னது என்று தெரிந்துவிடும். கோரிக்கை தமிழில் இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் அவர்கள் மொழியில் முழுவதும் வாசித்துக் காட்டுங்கள்.

பேச வேண்டியது அமைப்பாளர், நீங்கள் இல்லை. தமிழ் வரவில்லை என்றால் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துக் கொடுங்கள். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி, அங்கேயே போட்டோ எடுத்து, ஷீட்டில் புதுப் பத்தி ஒன்று போட்டு மனு எண்ணையும் தேதியையும் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு வகுப்பு அந்த வரிசையைத் திறந்து, பதில் வந்ததா என்று பார்ப்பதில் தொடங்கட்டும்.